மருந்துக் கம்பெனியைப் பணிய வைத்த ஊழியர்!

ஊறுகாய் போட்டு விற்கிறார் ஒருவர். ஓராண்டு கெடாது என்று சீட்டு எழுதி ஒட்டுகிறார். அது உண்மையா? ஓராண்டு வைத்திருந்து, அவ்வப்போது எடுத்துப் பார்த்தால்தானே தெரியும்!

மாத்திரைக்கும் இதே விதிதான். சில மாதங்களுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். சோதித்த தேதியை எழுதி வைக்க வேண்டும்.

இதில் பொய் எழுதிய ஒரு கம்பெனி, அமெரிக்காவில் 50 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. நம் நாட்டில் பிறந்த ரான்பாக்ஸிதான் அது. அதை அம்பலப்படுத்தியவரும் அங்கே வேலை பார்த்தவர்தான். பெயர் தினேஷ் தாக்கூர்.

தோண்டத் தோண்டப் பொய்

தாக்கூர் ஓர் எஞ்ஜினீயர். அமெரிக்காவில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர். 2003-ம் ஆண்டில் ரான்பாக்ஸியில் சேர்ந்தார்.

மறு ஆண்டு, சோதனைக் கணக்குகளைச் சரிபார்க்கும்படி மேலதிகாரி சொன்னார். பார்த்தால், தோண்டத் தோண்டப் பொய்!

2005-ல் தாக்கூர் வேலையை விட்டார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவுக்கு வேறு பெயரில் தகவல் எழுதினார். 2007-ல் அமெரிக்காவில் வழக்கே போட்டுவிட்டார்.

லிங்கன் காலத்துச் சட்டம்

தனி மனிதர் எப்படி வழக்குப் போட முடிந்தது?

அமெரிக்காவில் 1863-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. அப்போது ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதி. உள்நாட்டுப் போர் நடந்த நேரம். பட்டாளத்துக்குச் சரக்கு விற்ற வியாபாரிகள் சர்க்காரை ஏமாற்றினார்கள். அவர்களைப் பிடிக்கவே இந்தச் சட்டம்.

சர்க்கார் பணத்தில் மோசடி நடப்பதை அறிந்தவர், சர்க்காரின் சார்பில் வழக்குப் போடலாம். முதலில் வழக்கு ரகசியமாக இருக்கும். சர்க்காரும் சேர்ந்து நடத்தி வென்றால், மீட்ட பணத்தில் நூற்றுக்கு 15 முதல் 25 வரை அவருக்குக் கிடைக்கும்.

அங்கே ஏழைகளுக்கு 'மெடிக்கெய்டு', முதியோருக்கு 'மெடிக்கேர்' என்ற திட்டங்கள் உண்டு. அவர்களின் மருந்துக்குச் சர்க்கார் பணம் கொடுக்கிறது. தரம் குறைந்த மருந்தைக் கொடுத்து அந்தப் பணத்தை வாங்கியது மோசடி என்பதே தாக்கூரின் வழக்கு.

குளிர்ப் பெட்டியில் மாத்திரை

2008-ல், ரான்பாக்ஸியின் இரண்டு ஆலைகளிலிருந்து 30-க்கும் அதிகமான மருந்துகள் வருவதை அமெரிக்கா தடுத்தது. ஓர் ஆலை இமாசலப் பிரதேசத்துப் பாவுண்டா சாகிப்பில் இருந்தது. மற்றொன்று மத்தியப் பிரதேசத்துத் தேவாஸில் இருந்தது.

2013 மே 13-ந் தேதி, கம்பெனியின் அமெரிக்கக் கிளை குற்றத்தை ஒப்புக்கொண்டது. மாதக் கணக்கில் இடைவெளி விட்டுச் செய்ய வேண்டிய சோதனைகளை, ஒரே நாளிலோ சில நாட்களிலோ முடித்திருந்தார்கள்! சோதனை மாத்திரைகளைக் குளிர்ப் பெட்டியில் வைத்திருந்ததும் வெளிப்பட்டது.

குற்றத்துக்காக 15 கோடி டாலர். மோசடி வழக்கைத் தீர்க்க 35 கோடி டாலர். தாக்கூரின் பங்கு சுமார் 4 கோடியே 86 லட்சம் டாலர். முதல் தகவல் எழுதி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பங்கு பெரிதுதான். ஆனால் எண்ணிப் பாருங்கள். மாத்திரை விழுங்குகிற நோயாளி அதைச் சோதித்துப் பார்க்க முடியாது. அட்டையில் உள்ள தேதியை நம்பியே விழுங்குகிறார். அந்தத் தேதி பொய் என்பது ஆலைக்குள் இருப்பவருக்குத்தான் தெரியும். அவர் துணிந்து வாய் திறக்கத்தான் இந்தச் சட்டம்!