யூதருக்காக நாம் மன்றாடுவது என்ன?

பெரிய வெள்ளியன்று கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பங்கு மக்கள் கூடி எழுப்பும் பத்துப் பெரு மன்றாட்டுகளில் ஆறாவது யூத மக்களுக்கானது. நம்மில் பலர் யூதர் ஒருவரையும் நேரில் கண்டதில்லை; பாஸ்கா நாடகத்தில் கூச்சலிடும் கூட்டமாகவே அவர்களை அறிவோம். ஆயினும் அம்மன்றாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் நெடிய வரலாறு ஒன்று உண்டு.

பழைய இலத்தீன் மன்றாட்டு அவர்களை விசுவாசமற்றோர் எனக் குறித்தது. பிற மன்றாட்டுகளுக்கு முழந்தாளிட்டவர்கள் இதற்கு மட்டும் முழந்தாளிடவில்லை; 1955-இல்தான் அது மாறியது. 1959-இல் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் அச்சொல்லை நீக்கினார். கிறிஸ்துவின் பாடுகளுக்காக அன்றைய யூதர் அனைவர்மீதோ இன்றைய யூதர்மீதோ பழி சுமத்தலாகாது என்று 1965 அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. 1970-ஆம் ஆண்டுத் திருப்பலி நூலோ, யூதர் மனந்திரும்ப வேண்டுமெனக் கேளாமல், உடன்படிக்கைக்குப் பிரமாணிக்கமாயிருப்பதில் அவர்கள் வளர வேண்டும், மீட்பின் நிறைவை அடைய வேண்டும் எனக் கேட்கிறது. எவ்வழியில், எப்போது என்று அது சொல்வதில்லை.

அவர்களை மனந்திருப்பும் முயற்சி நம் நாட்டிலும் நடந்ததுண்டு. யூதரிடையே நற்செய்தி பரப்ப இலண்டனில் தோன்றிய புராட்டஸ்டாண்டு சங்கத்தின் சென்னைக் குழு, ஞானஸ்நானம் பெற்ற கொச்சி யூதரான மைக்கேல் சார்கனைக் கொச்சிக்கு அனுப்பிற்று. பின்னர் அவர் பம்பாய்ப் பகுதியின் பெனே இஸ்ரவேலரிடையே பள்ளிகள் திறந்தார். அவருக்குப்பின் ஸ்காத்லாந்துக் குரு ஜான் வில்சன் மராத்தியில் எபிரேய இலக்கணமே எழுதினார். விளைவு யாது? பிள்ளைகள் தங்கள் முன்னோரின் வேதத்தைக் கற்றுத் தேர்ந்தனர். பள்ளிக்கு வந்தவர்களுள் ஞானஸ்நானத்துக்கு வந்தவர் மிகச் சிலரே. கல்வி அவர்களை இன்னும் நல்ல யூதராக்கிற்று!

கத்தோலிக்கராகிய நமக்கோ இதனினும் கசப்பான நினைவு உண்டு. போர்ச்சுக்கல் 1497-இல் யூதரை வலிந்து கிறிஸ்தவராக்கியது. அவர்தம் வழித்தோன்றல்கள் மறைவில் பழைய நெறியைக் காக்கிறார்களோ என்று 1560-இல் தொடங்கிய கோவா விசாரணை மன்றம் துருவியது.

அப்படியானால் யூதருக்கு நற்செய்தியே வேண்டாமா? புனித சின்னப்பர் ஊர்தோறும் முதலில் செபக்கூடத்துக்கே சென்றாரே! இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2002-இல் அமெரிக்காவில் யூதரோடு உரையாடிய கத்தோலிக்கர், அவர்களை மனந்திருப்பும் தனி முயற்சி வேண்டாம் என்றபோது, கர்தினால் ஏவரி டல்லஸ் அதனை வெளிப்படையாக மறுத்தார். 2008-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட், பழைய முறைத் திருவழிபாட்டுக்கென யூதரின் உள்ளங்கள் ஒளிபெற வேண்டும் என்னும் புதிய மன்றாட்டை எழுதியபோது யூதர் பலர் வருந்தினர்.

2015 டிசம்பரில் வத்திக்கான் ஆணைக்குழு ஒன்று, யூதருக்கென அமைப்பு முறையான தனி மறைபரப்புப் பணியைத் திருச்சபை நடத்துவதுமில்லை, ஆதரிப்பதுமில்லை என்று எழுதியது. ஆனால் கிறிஸ்தவர் தம் விசுவாசத்துக்கு யூதர்முன்னும் சான்று பகரலாம். நாத்சிகள் கையில் அம்மக்கள் பட்ட பேரழிவை மறவாது, தாழ்மையோடு பகர வேண்டும். கிறிஸ்துவை வெளிப்படையாக அறிக்கையிடாத யூதர் எவ்வாறு மீட்பில் பங்குபெறுவர் என்பதை, ஆழ்ந்தறிய இயலாத இறை மறைபொருளாகவே அவ்வேடு விட்டுவைத்திருக்கிறது.