அதிகாரத்திற்கு அதிகாரமே அணை

பால் நிறுக்கும் கொட்டகையை நாம் அனைவரும் அறிவோம். வெட்டிக் கொணர்ந்த பாலை நிறுப்பவரும், அதைக் கணக்கில் எழுதுபவரும், எடை குறைந்ததென்று நாம் முறையிட்டால் விசாரிப்பவரும் ஒருவரே ஆயின், நம் மனம் அமைதி கொள்ளுமா? அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் நம் கூலி அவருடைய நல்ல மனத்தை மட்டுமே நம்பி நிற்க நேரிடும். ஒரு நாட்டின் ஆட்சிக்கும் இது பொருந்தும். இதற்கு வழி கண்ட ஐரோப்பிய அறிஞர்களின் கருத்தை இங்கே காண்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு மன்னருக்கு எல்லையற்ற அதிகாரம் இருந்தது. அவருடைய முத்திரையிட்ட கடிதம் ஒன்று போதும். எவரையும் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கலாம். எழுத்தாளர் வால்டேர் 1717-ஆம் ஆண்டில் இவ்வாறே பாரிஸ் நகரின் பாஸ்டில் சிறையில் அடைக்கப்பட்டு, ஏறத்தாழ 11 மாதங்கள் அங்கே கிடந்தார். புகழ் பெற்றவர் நிலையே இதுவெனில், ஏழை எளியவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

அந்நாட்டில் 1689-இல் பிறந்தவர் மாண்டெஸ்கியூ. போர்டோ நகர நீதிமன்றத்தில் உயர் பதவி வகித்த இவர், 1729 முதல் 1731 வரை இங்கிலாந்தில் தங்கி அந்நாட்டு ஆட்சிமுறையை ஆராய்ந்தார். அங்கே பாராளுமன்றத்தின் இசைவின்றி மன்னர் சட்டம் இயற்ற முடியாது. நீதிபதிகளைத் தம் விருப்பம்போல் நீக்கவும் முடியாதவாறு 1701-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வகை செய்திருந்தது. சட்டம் இயற்றுவோரும் அதை நிறைவேற்றுவோரும் ஒருவராய் இருத்தல் ஆபத்து என ஜான் லாக் என்னும் ஆங்கில அறிஞரும் முன்னரே எழுதியிருந்தார்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்த மாண்டெஸ்கியூ, 1748-இல் 'சட்டங்களின் சாரம்' என்னும் நூலை வெளியிட்டார். அதில் தம் பெயரைக்கூட அவர் பொறிக்கவில்லை. சட்டம் இயற்றுதல், அதை நிறைவேற்றுதல், நீதி வழங்குதல் ஆகிய மூன்று அதிகாரங்களும் ஒரே கையில் சேரலாகாது என்பதே அவர் கருத்து. சட்டம் இயற்றுபவரே அதை நிறைவேற்றினால், தமக்கு வசதியான சட்டத்தையே இயற்றுவார். தண்டிக்கும் அதிகாரியே நீதிபதியானால், அவர் செய்த தவற்றை யாரிடம் முறையிடுவது? அதிகாரம் பெற்றவர் அதன் எல்லை வரை செல்வது மனித இயல்பு. ஆகவே, ஓர் அதிகாரத்தை மற்றோர் அதிகாரமே தடுத்து நிறுத்த வேண்டும் என்றார் அவர்.

அமெரிக்கர் 1787-இல் வகுத்த அரசியலமைப்பு இக்கருத்தைச் செயலாக்கிற்று. மன்றங்கள் நிறைவேற்றிய சட்டத்தை அதிபர் தடுக்கலாம். இரு மன்றங்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால் அத்தடையும் நீங்கும். நீதிபதிகளை அதிபர் நியமிப்பார்; ஆனால் செனட் சபையின் சம்மதம் வேண்டும். 1974-இல் அதிபர் நிக்சன், தம் அலுவலக உரையாடல்கள் பதிவான ஒலிநாடாக்களை ஒப்படைக்க மறுத்தார். ஒப்படைத்தே தீர வேண்டுமென உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. படைகளுக்கெல்லாம் தலைவரான அவர், படையேதும் இல்லாத அந்நீதிமன்றத்திற்குப் பணிந்தார். அடுத்த மாதமே பதவி துறந்தார்.

1957-இல் சுதந்திரத்தோடு வந்த நம் நாட்டு அரசியலமைப்புச் சட்டத்திலும் இம்மூன்று துறைகளும் உண்டு. நம் அமைச்சர்கள் நாடாளுமன்றத்திலும் அங்கம் வகிப்பதால், அவ்விரண்டும் முற்றாகப் பிரிந்தவை அல்ல. ஆயினும் மக்களவைப் பெரும்பான்மையினரின் நம்பிக்கையை இழந்தால் அமைச்சரவை நீடிக்க இயலாது. அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாதது என அறிவிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு உண்டு.

இவையெல்லாம் படித்தவர்க்கு மட்டும் உரிய செய்திகள் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. செல்வமும் செல்வாக்கும் உடையவர் எவ்வாட்சியிலும் தம்மைக் காத்துக்கொள்வர். அவை இல்லாத நமக்கோ, இந்த ஏற்பாடே காவல். நிறுப்பவர் கையை மற்றொருவர் கண் பார்த்திருக்கும் வரையில்தான் தராசு நேராக நிற்கும்.