ஜீப்பில் கீறலா?

இடுக்கி மாவட்டத்தில் உள்ளது உடும்பஞ்சோலை. அங்கே ஏலத்தோட்டங்கள் அதிகம். போடி, கம்பம் பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் ஜீப்பில் வேலைக்கு வருகிறார்கள். குறுகிய தோட்டப் பாதையில் மரக்கிளை உரசும். பெயின்டில் கீறல் விழும்.

கீறலால் அழகு மட்டுமா கெடும்? இல்லை. பெயின்ட் இரும்புக்குச் சட்டை மாதிரி. சட்டை கிழிந்தால் மழைநீர் இரும்பைத் தொடும். துரு பிடிக்கும். துரு உள்ளே பரவித் தகட்டை ஓட்டையாக்கும்.

முதலில் கீறலைச் சோப்பு நீரால் கழுவித் துடைக்க வேண்டும். பிறகு நகத்தால் குறுக்கே தடவிப் பார்க்க வேண்டும்.

நகம் மாட்டவில்லையா? கீறல் மேலாகத்தான் இருக்கிறது. மெல்லிய துணியில் ரப்பிங் காம்பவுண்டைத் தொட்டு, லேசாகத் தேய்த்தால் போதும். அழுத்தித் தேய்த்தால் நல்ல பெயின்டும் போய்விடும்.

நகம் மாட்டுகிறதா? இரும்பு தெரிகிறதா? கீறல் ஆழமானது. துரு இருந்தால் வாட்டர் பேப்பரால் தேய்த்து எடுக்க வேண்டும். ஈரம் காய்ந்ததும் பிரைமர் பூச வேண்டும். பிரைமர் காய்ந்ததும் அதே நிறப் பெயின்டை மெல்லியதாக இரண்டு முறை பூச வேண்டும்.

பெயின்டும் தின்னரும் எளிதில் தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது. மழைச்சாரலிலும் பூசக் கூடாது.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை வரும். அதற்கு முன்பே கீறலை மூடினால் தகடு மாற்றும் செலவு மிச்சம்.