பழைய கிராலர் டிராக்டரில் டீசல் கசிவு: காரணம் அறிதலும் நிவர்த்தி செய்தலும்

யந்திரத்தின் அடியில் தரையிற் படியும் எண்ணெய்க் கறையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பழைய யந்திரமென்றால் ஒழுகத்தான் செய்யும் என்று சமாதானம் கூறிக்கொண்டு, கசியும் இடத்திற்குக் கீழே ஒரு தகர டப்பாவை வைத்துவிடுகின்றனர். அந்த டப்பாவில் விழும் டீசலால் நேரும் நஷ்டம் சிறிது. டப்பாவில் விழாமல் யந்திரத்தின் உள்ளேயே இறங்கும் டீசலால் நேரும் நஷ்டமோ என்ஜினையே அழித்துவிடக் கூடியது.

சங்கிலிப் பட்டையின்மீது செல்லும் கிராலர் டிராக்டர்கள் நம் தேசத்து விவசாயத்துக்குப் புதியவை அல்ல. 1947-ம் வருஷத்தில் ஏற்பட்ட மத்திய டிராக்டர் ஸ்தாபனம், யுத்தத்திற்குப்பின் அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற கிராலர்களைக் கொண்டே மத்திய இந்தியாவில் காசப்புல் மண்டிய நிலங்களைத் திருத்தத் தொடங்கியது. 1949-ல் இத்தகைய யந்திரங்கள் வாங்குவதற்காக உலக பாங்கி 1 கோடி டாலர் கடன் வழங்கிற்று. அக்காலத்திய யந்திரங்களுக்கு நல்ல உதாரணம் காட்டர்பில்லர் டி-2 என்பது. 1938 முதல் 1957 வரை தயாரிக்கப்பட்ட இதில் நான்கு சிலிண்டர் டீசல் என்ஜினும், அதைக் கிளப்புவதற்கு இரண்டு சிலிண்டர் உள்ள சிறு பெட்ரோல் என்ஜினும் உண்டு. இவ்வகை யந்திரத்தை இன்றும் ஓட்டுவோருக்குக் கீழ்க்கண்ட முறை பயன்படும்.

கசிவின் தீங்குகள்

நொடிக்கு ஒரு துளி வீதம் சொட்டினால் ஒரு நாளில் 86,400 துளிகள் ஆகும். இது இரண்டு லிட்டருக்குக் குறையாது. சூடேறிய புகைபோக்கிக் குழாயின்மேல் டீசல் படுமாயின் தீப்பற்றக்கூடும். களத்தில் வைக்கோற்போர் அருகே நிறுத்தும் யந்திரத்தில் இது பெரும் அபாயம். டீசல் ஊறிய மண்ணில் பயிர் செழிக்காது. கிணற்றை அடுத்த இடமாயின் குடிதண்ணீரும் கெடும்.

முதலில் செய்யவேண்டியது

பழைய யந்திரத்தில் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து தடித்த படலமாகப் படிந்திருக்கும். கசிவு தோன்றும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறொன்று. ஆகையால் சோதனைக்கு முன் என்ஜினை நன்கு ஆறவிட்டுக் கழுவித் துடைத்து உலர்த்துதல் அவசியம். பின்பு குழாய் இணைப்புகளின்மேல் சுண்ணாம்புப் பொடியை மெல்லியதாகத் தூவினால், முதலில் நனையும் இடமே கசிவின் பிறப்பிடம் என அறியலாம். கசிவது டீசலா, மசகெண்ணெயா, தண்ணீரா என்பதையும் நிச்சயித்துக் கொள்ளவேண்டும். டீசல் மெல்லியதாய்ப் பரவித் தன் வாசனையைக் காட்டும், மசகெண்ணெய் தடித்து விரலில் வழுவழுக்கும், தண்ணீர் உலர்ந்துவிடும். பெட்ரோல் வாசனை வீசுமாயின், சிறு என்ஜினுக்குரிய பெட்ரோல் குழாயை உடனே மூடி, அதை முதலில் சீர்செய்ய வேண்டும். பெட்ரோல் டீசலினும் எளிதில் தீப்பற்றுவது.

மூன்று நிலைச் சோதனை

முதலாவது, என்ஜின் நின்றிருக்கையில் டாங்கியின் காக்கைத் திறந்து அரைமணி நேரம் கவனிக்க வேண்டும். இப்போதே கசிந்தால், குற்றம் டாங்கி, காக், அல்லது டாங்கியிலிருந்து பம்புக்கு வரும் குழாயில் இருக்கும்.

இரண்டாவது, டீசல் என்ஜினுக்கு எண்ணெய் செலுத்தாமல், சிறு பெட்ரோல் என்ஜினால் அதைச் சுழலவிட வேண்டும். அப்போது எண்ணெய் அனுப்பும் பம்பு வேலை செய்து வடிகட்டி வரையிலும் அழுத்தம் உண்டாகும். வடிகட்டி மூடியிலோ, பம்பின் இணைப்பிலோ கசிவிருந்தால் இப்போது வெளிப்படும். வடிகட்டியைப் புதுப்பிக்கும்போது பழைய பாக்கிங் ஒட்டியிருப்பதைக் கவனியாமல் புதியதை அதன்மேல் வைத்து மூடுவது சாதாரணமாக நேரும் பிழை.

மூன்றாவது, என்ஜினை ஓடவிட்டு, சிலிண்டர்களுக்குச் செல்லும் உயர் அழுத்தக் குழாய்களைச் சோதிக்க வேண்டும். இங்கு மிகுந்த ஜாக்கிரதை தேவை. இக்குழாயிலிருந்து புகைபோற் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். கையால் தடவிப் பார்ப்பது கூடாது. ஓர் அட்டைத் துண்டை நீட்டியே பார்க்கவேண்டும். தவறிப் பட்டுவிட்டால், காயம் ஊசி குத்தியதுபோல் அற்பமாகத் தோன்றினும், தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். நாழிகை கடந்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவு

தரையில் ஒரு சொட்டும் விழாமல் டீசல் குறைவதுண்டு. எண்ணெய் அனுப்பும் பம்பின் அச்சிலுள்ள சீல் தேய்ந்தாலும், ஊசிப் பம்புகள் தேய்ந்தாலும், டீசல் உட்புறமாக இறங்கி மசகெண்ணெயுடன் கலக்கும். நீர்த்துப்போன எண்ணெய் பேரிங்குகளைக் காக்க வலிமையற்றது. உழவு மும்முரமாக நடக்கையில் பேரிங்கு தேய்ந்து என்ஜின் நின்றுபோகும். பழைய யந்திரத்திற்கு உதிரிப் பாகம் தேடுவதற்குள் பருவம் கடந்துவிடும்.

இதைத் தடுக்க வழி எளிது. தினமும் காலையில் என்ஜினைக் கிளப்புமுன் அளவுக் கம்பியை எடுத்துப் பார்க்கவேண்டும். ஊற்றாமலே எண்ணெய் மட்டம் உயர்ந்திருந்தால் அதை லாபமென்று எண்ணலாகாது. அது அபாய அறிவிப்பு. எண்ணெய் மெலிந்து டீசல் வாசனை வீசினால் கசிவு உறுதி. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எதுவாயினும் குற்றத்தைத் திருத்திப் புது எண்ணெய் மாற்றும்வரை என்ஜினை ஓட்டக்கூடாது. வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ வரப்பிலோ கொட்டலாகாது.

பழைய ரப்பரும் புதிய டீசலும்

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுவதும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேற்படாது. காற்றுக்கு இது நன்மை. ஆயினும் பழைய டீசலில் பல்லாண்டு ஊறி உப்பியிருந்த ரப்பர் வளையங்கள், இத்தகைய டீசலில் சுருங்கி ஒழுகக்கூடும். அமெரிக்காவில் 1993-ல் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோதும் இவ்விதக் கசிவுகள் தோன்றின. நட்டை மேலும் இறுக்குவதால் இது நிற்காது. வளையத்தை மாற்றுவதே பரிகாரம்.

பழுது பார்க்கையில்

இறுகிய நட்டை மேலும் மேலும் முறுக்குவதால் குழாயின் விரிந்த வாய் வெடித்துச் சிறு கசிவு பெருங்கசிவாகும். தாமிர வாஷர் கெட்டிப்பட்டிருந்தால் புதிது போடலாம். கிடைக்காவிடில் சிவக்கக் காய்ச்சி ஆற்றினால் மீண்டும் மென்மை பெறும். சட்டத்தில் உராய்ந்து தேய்ந்த குழாயை மாற்றினால் மட்டும் போதாது. அதை அசையாமல் பிடிக்கும் கிளிப்பையும் பொருத்தவேண்டும். உயர் அழுத்தக் குழாயில் ஈயப்பற்று வைத்தல் பயனற்றது, அபாயமும் ஆகும். டாங்கியில் ஓட்டை இருந்தால், காலியாகத்தானே இருக்கிறது என்று எண்ணி நெருப்புக் காட்டலாகாது. உள்ளே தங்கிய ஆவி வெடித்து உயிர்ச்சேதம் விளைவிக்கும். அவ்வேலையைத் தேர்ந்த தொழிலாளியிடமே ஒப்புவிக்க வேண்டும். வேலை முடிந்தபின், குழாய்களிற் புகுந்த காற்றை வெளியேற்றி, மூன்று நிலைச் சோதனையையும் மறுபடி செய்தல் நன்று.

கிராம உத்தியோகஸ்தர்கள், தங்கள் கிராமத்தில் இத்தகைய யந்திரம் வேலைக்கு வருமாயின், அது வைக்கோற்போருக்கும் கிணற்றுக்கும் விலகி நிறுத்தப்படுகிறதா என்று கவனித்தல் நலம். மிராசுதாரர்கள் ஓட்டுபவரிடம், இன்று எத்தனை ஏக்கர் உழுதாய் என்று மாலையில் கேட்பதோடு, அளவுக் கம்பியில் எண்ணெய் எங்கே நின்றது என்று காலையிலும் கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால், எழுபது, எண்பது வருஷம் உழைத்த யந்திரம் இன்னும் பல பருவங்கள் உழைக்கும்.