அலுமினியப் படலத்திற்கான மின்வழங்கி: அமைப்பும் பழுதறிதலும்

பெங்களூரில் ஓசூர் சாலையை ஒட்டியுள்ள பொம்மனஹள்ளி போன்ற பகுதிகளின் சிறு தொழிற்கூடங்களில் கடைந்தெடுக்கப்படும் அலுமினியப் பாகங்கள் எளிதிற் கீறல்படும் இயல்புடையன. அவற்றின் மீது மின்சாரத்தால் கடினமான ஆக்ஸைடு படலத்தை வளர்க்கும் முறையே அனோடைஸிங் எனப்படும். 1923-இல் இங்கிலாந்தில் பெங்காப், ஸ்டூவர்ட் என்போர் கடல் விமானப் பாகங்களை அரிப்பினின்று காக்க, குரோமிக் அமிலத்தைக் கொண்டு இதனைக் கையாண்டனர். இன்று பெரும்பாலும் கந்தகத் திராவகமே பயன்படுகிறது.

முலாம் பூசுகையில் பொருள் எதிர்மின்வாயாக அமையும். இங்கோ அது நேர்மின்வாய். படலம் வெளியிலிருந்து வந்து படிவதன்று. அலுமினியமே பிராணவாயுவுடன் கூடி ஆக்ஸைடாக மாறுகிறது. இப்படலம் மின்சாரத்தைக் கடத்தாது. அதன் நுண்துளைகளில் திராவகம் புகுவதாலேயே வளர்ச்சி தொடர்கிறது.

பரப்பில் 100 சதுர செ.மீ.க்கு 1.5 ஆம்பியர் வேண்டும். ஆகவே 200 சதுர செ.மீ. பொருளுக்கு 3 ஆம்பியர் போதும். எடையில் 15 சதவீதத் திராவகத்தில், 20 டிகிரி சென்டிகிரேடில், ஏறத்தாழ 25 நிமிடங்களில் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு கனமுள்ள படலம் உண்டாகும். இதற்கு 12, 15, 18 வோல்ட் முனைகளுள்ள டிரான்ஸ்பார்மர், நான்கு டயோடுகள் கொண்ட ரெக்டிபயர், அம்மீட்டர், வோல்ட்மீட்டர், பியூஸ் ஆகியவை தேவை. டிரான்ஸ்பார்மரின் இரு சுருள்களும் தனித்தனியாக இருத்தல் இன்றியமையாதது. ஒற்றைச் சுருள் வகையில் வீட்டு மின்சாரம் நேரே தொட்டியை அடைந்து உயிருக்கு ஆபத்து விளைவிக்கும்.

வேலை நடவாதபோது உடனே மின்வழங்கியைப் பிரித்தல் தவறு. முதலில் பழுது கருவியிலா, தொட்டியிலா என்று அறிதல் வேண்டும். தொட்டிக் கம்பிகளை அகற்றி, 12 வோல்ட், 36 வாட் மோட்டார் விளக்கை இணைத்து, 12 வோல்ட் முனையில் சோதிக்கவும். விளக்கு நன்கு எரிந்து, வோல்ட்மீட்டர் ஏறத்தாழ 9 வோல்ட் காட்டின், கருவியில் குறையில்லை. அளவு பாதியாகக் குறைந்தால், ஒரு டயோடு மின்சாரத்தைக் கடத்தவில்லை எனலாம். பியூஸ் உடனே எரியுமாயின், டயோடு குறுக்கிணைந்திருக்கக் கூடும்.

கருவி சரியாயின், தொட்டியை நோக்குக. அம்மீட்டர் முள் ஓரிரு நிமிடங்களில் பூஜ்யத்தை நெருங்கினால், தொங்கு கம்பியின் பிடி தளர்ந்து, இடைவெளியிற் படலம் வளர்ந்துவிட்டது என்பது பொருள். படலத்தைச் சுரண்டி, அலுமினியக் கம்பியால் இறுகக் கட்டுதல் வேண்டும். செம்புக் கம்பி உதவாது. அது தானே கரைந்து, மின்னோட்டத்தை ஈர்த்துக்கொள்ளும். படலம் மாவுபோல் உதிர்ந்தால், திராவகம் சூடேறியுள்ளது அல்லது மின்னோட்டம் மிகுதி எனக் கொள்க.

திராவகத்தையே நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். நீரைத் திராவகத்தில் ஊற்றலாகாது. எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் வெளிப்படுவதால் காற்றோட்டமும் தேவை. கருவியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கும் பழக்கத்தை மாணவரிடம் முதற்பாடமாகவே ஊன்றுதல் ஆசிரியர் கடமை.