பதினைந்தாம் பிரிவில் சேர்ந்த உட்பிரிவு

விடுதலைக்குப் பின்னும் சென்னை மாகாணத்தின் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் வகுப்புவாரி அரசாணைப்படியே பங்கிடப்பட்டன. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, அரிசனர் என அந்நாளில் குறிக்கப்பட்டோர்க்கு 2, முஸ்லிம்களுக்கு 1, ஆங்கிலோ இந்தியர்க்கும் கிறித்தவர்க்குமாக 1 என்பது அதன் கணக்கு.

1950 ஜனவரி 26இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டே உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் இவ்வாணை செல்லாது என்றன. நலிந்தோரின் கல்வி நலனைப் பேணுமாறு பணிக்கும் 46ஆம் பிரிவை அரசு எடுத்துக்காட்டியது. அது வழிகாட்டு நெறி மட்டுமே. சாதி, மதம் முதலியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு கல்லூரிச் சேர்க்கையை மறுக்கலாகாது என்னும் 29(2) அடிப்படை உரிமை. முன்னது பின்னதற்கு அடங்கியதே என்றது மன்றம். அரசுப் பணியில் இடஒதுக்கீட்டிற்கு 16(4) இடமளித்திருந்தது; கல்விக்கோ அத்தகைய விதி இல்லை. பணிக்குக் கதவைத் திறந்துவைத்து, அப்பணிக்குத் தகுதி தரும் கல்லூரியின் கதவை அடைத்தது போலாயிற்று. தலைமுறைகளாக ஏட்டைத் தொடாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது சிறிய இழப்பன்று.

தமிழகத்தில் பெரியார் முன்னின்று நடத்திய கிளர்ச்சி வலுத்தது. 1951 ஜூனில் முதல் திருத்தம் 15(4)ஐச் சேர்த்தது. சமூகத்திலும் கல்வியிலும் பிற்பட்ட வகுப்பினர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரின் முன்னேற்றத்திற்குச் சிறப்பு ஏற்பாடு செய்வதை 15ஆம் பிரிவோ 29(2)ஓ தடுக்காது என்பது அதன் பொருள். பொருளாதாரம் என்னும் சொல் அதில் இடம்பெறவில்லை.