காதுக் கருவிக்கு ஒரு மண்டலம்

தார்நாகாவிலும் அதைச் சூழ்ந்த ஹப்சிகுடா, லாலாகுடா பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய வரலாறு நெடியது. நீலகிரியின் குன்னூரில் இயங்கிவந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம் 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அதுவே இன்று தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென் மத்திய ரயில்வே தோன்றியது. இத்தகைய நிறுவனங்களில் பணியாற்ற வந்து இங்கேயே தங்கிவிட்டோர் பலர். பிள்ளைகளோடு இருக்கலாம் என்று முதுமைக் காலத்தில் ஊரைவிட்டு வந்து சேர்ந்தோர் இன்னும் பலர். இவ்விரு சாராரிடமும் நாம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுண்டு. அது காது மந்தம்.

சொந்த ஊரில் காது மந்தமான பெரியவருக்கு ஊரே துணை நிற்கும். திண்ணையில் வந்து அமர்பவர் அவரது இயல்பறிந்து அருகில் குனிந்து பேசுவார். வெளியூரில் நிலைமை வேறு. காலை ஒன்பது மணிக்குள் வீடு வெறிச்சோடிவிடுகிறது. அண்டை வீட்டார் பேசுவது தெலுங்கு. பழகிக் கற்ற மொழியைக் கேட்கும்போது, காதில் விழாத பகுதியை ஊகத்தால் நிரப்பிக்கொள்ளும் ஆற்றல் தாய்மொழியில் இருப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆதலால் காது மங்கும்போது முதலில் கைவிட்டுப் போவது தெலுங்குதான். அடுத்து, ஊரிலுள்ள தங்கையோடும் தம்பியோடும் தொலைபேசியில் பேசுவது நின்றுபோகிறது. பின்னர், மூன்று மொழிகளைக் கலந்து விரைந்து பேசும் பேரக்குழந்தைகளின் பேச்சும் நழுவுகிறது. “தாத்தாவுக்குக் கேட்காது, விட்டுவிடு” என்ற சொல் அவ்வீட்டில் புழங்கத் தொடங்கினால், நிறைந்த குடும்பத்தின் நடுவிலும் அவர் தனித்தவர் ஆகிவிடுகிறார்.

இதற்கு மாற்றாகத்தான் பிள்ளைகள் பொருள் செலவிட்டுக் காதுக் கருவி வாங்கித் தருகிறார்கள். ஆனால் நாம் பல வீடுகளில் காண்பது யாது? கருவி அலமாரியின் இழுப்பறையில் உறங்குகிறது. “ஒரே இரைச்சல், எனக்கு ஒத்துவரவில்லை” என்கிறார் பெரியவர். குறை கருவியிலும் இல்லை, பெரியவரிடமும் இல்லை. மூக்குக் கண்ணாடியைப் போல அணிந்த அன்றே பலன் தரும் என்று எதிர்பார்ப்பதில்தான் இருக்கிறது.

கேட்கிறது, விளங்கவில்லை

உட்செவியில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட உறுப்பு ஒன்றுண்டு. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்ச் செல்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஒலி அலை அவ்வுறுப்பினுள் எவ்வாறு பரவுகிறது என்பதைக் கண்டறிந்த ஜார்ஜ் வான் பெக்கேஷி என்ற அறிஞருக்கு 1961இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உச்சமான சுருதிகளை வாயிலருகே உள்ள செல்களும், தாழ்ந்த சுருதிகளை உட்கோடியில் உள்ள செல்களும் உணர்கின்றன. வயது ஏற ஏறப் பெரும்பாலும் முதலில் பழுதுறுவன வாயிலருகே உள்ளவை. இழந்த செல்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

இதனால் பேச்சுக்கு நேரும் கேடு வியப்பானது. உயிரொலிகள் தாழ்ந்த சுருதியிலும் மிகுந்த வலிமையோடும் எழுபவை. ஆதலால் அவை நன்றாகவே கேட்கும். க, ச, த, ப முதலிய மெய்யொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்தும் நுண்ணோசைகளோ மெலிந்தவை. அவற்றுள் பல உயர்ந்த சுருதியில் நிற்பவை. மருமகள் “பால் வேண்டுமா?” என்று கேட்டால், மாமனார் காதில் “ஆல் வேண்டுமா” என்ற அளவிலேயே விழுகிறது. அது காலா, பாலா, தாளா என்று மனம் தேடுவதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடுகிறது. “கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை” என்று பெரியவர்கள் சொல்வது முற்றிலும் உண்மை. அதைப் பிடிவாதம் என்று கொள்வது தவறு.

எல்லாக் காது மந்தமும் முதுமையால் வருவதன்று. அழுக்கு அடைத்திருக்கலாம், நடுச்செவியில் சீழோ நீரோ கோத்திருக்கலாம். ஆதலால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காண்பதே முறை. ஒரு காது ஒரே நாளில் திடீரென அடைத்துக் கேட்காமற் போனால், அதை அவசர நோயாகக் கருதி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அதற்குரிய சிகிச்சையைத் தாமதித்தால் பலன் குறையும்.

கருவி செய்வதும் செய்யாததும்

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கொண்டு கடைக்கு வந்த முதல் பொருள்களுள் ஒன்று, 1952ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான காதுக் கருவியே. சட்டைப் பையில் சிறு பெட்டியும், அதிலிருந்து காதுக்கு ஏறும் கம்பியுமாக இருந்த பழைய கருவிகளை நம்மிற் பலர் கண்டிருப்போம். 1990களின் நடுவில் எண்முறைக் கருவிகள் வந்தன. இவை எல்லா ஒலியையும் ஒருசேர உயர்த்துவதில்லை. பரிசோதனை வரைபடத்தில் எந்தச் சுருதியில் எவ்வளவு குறை என்று கண்டு, அந்தச் சுருதியில் அந்த அளவுக்கு மட்டும் உயர்த்துகின்றன. ஆகையால் பரிசோதனையின்றி மலிவாகக் கிடைக்கும் ஒலிபெருக்கிகளை வாங்கி மாட்டிக்கொள்வது, பிறருடைய கண்ணாடியை அணிவதற்கு ஒப்பாகும்.

எனினும் கருவி புதிய காதைத் தருவதில்லை. உட்செவியின் பழுது பழுதாகவே இருக்கிறது. வருகிற ஒலியைக் கொண்டு பொருள் அறிய வேண்டியது மூளை. அதற்கு அவகாசம் தேவை.

முதல் நாள் இரைச்சல்

கருவியை முதன்முதல் அணிந்தவருக்கு மின்விசிறி சீறுகிறது. குழாய் நீர் அருவியாகிறது. செய்தித்தாளைப் புரட்டினால் சருகு நொறுங்குவது போலிருக்கிறது. தம் செருப்போசையே தம்மைத் துரத்துகிறது. இவையெல்லாம் பிறர் காதில் அன்றாடம் விழுபவையே. பல்லாண்டுகளாக அவை வந்து சேராததால், எதைப் புறக்கணிப்பது எதைக் கொள்வது என்னும் பழக்கத்தை மூளை இழந்திருக்கிறது. லாலாகுடா ரயில்வே குடியிருப்புக்குப் புதிதாக வந்தவரைக் கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் வண்டியோசையால் உறக்கமில்லை என்பார், சில மாதம் சென்றபின், “வண்டியா? எப்போது போயிற்று?” என்பார். வண்டியோசை குறையவில்லை, மூளை அதை ஒதுக்கக் கற்றுக்கொண்டது. கருவியும் அத்தகையதே.

சித்த மருந்தை ஒரு மண்டலம் உண்பது நம் முன்னோர் வழக்கு. காதுக் கருவிக்கும் அந்த 48 நாள் பொறுமையை நாம் பரிந்துரைக்கிறோம். சிலருக்கு இன்னும் சில வாரங்கள் பிடிக்கலாம்.

முதல் வாரம், அமைதியான அறையில் காலையும் மாலையுமாகச் சில மணி நேரம் அணியலாம். கண்ணை மூடி அமர்ந்து, வருகிற ஒலிகளுக்குப் பெயர் சொல்லிப் பார்க்கலாம்: இது கடிகாரம், இது அடுத்த வீட்டுக் குக்கர், இது புறா. நாள்தோறும் பத்து நிமிடம் செய்தித்தாளை உரக்கப் படித்தால் தம் குரல் தமக்குப் பழகும்.

இரண்டாம் வாரம், வீட்டில் ஒருவரோடு நேருக்கு நேர் உரையாடலாம். பின்பு இருவரோடு பேசலாம். தொலைக்காட்சியின் ஒலியளவைப் பிள்ளைகள் வைத்த அளவிலேயே விட்டுவிட்டுக் கேட்கப் பழகலாம்.

மூன்றாம், நான்காம் வாரங்களில் காய்கறிக் கடைக்கும் கோவிலுக்கும் அணிந்து செல்லலாம். தொலைபேசியைக் காதின் துளையில் வைக்காமல், கருவியின் ஒலிவாங்கி இருக்குமிடத்தில், அதாவது செவிக்குப் பின்னால் அணியும் கருவியானால் காதின் மேற்புறத்தில் வைத்துக் கேட்க வேண்டும்.

பேருந்துகள் நெருங்கும் தார்நாகா நாற்சந்தியையும், மெட்ரோ நிலையத்தையும், நாதசுரம் முழங்கும் திருமணப் பந்தலையும் கடைசி வாரங்களுக்கு வைத்துக்கொள்வது நன்று. அத்தகைய இடங்களில் நல்ல காதுடையோரே திணறுவர். கூட்டத்தில் சுவரோரமாக, சுவர் முதுகுப்புறம் இருக்குமாறு, பேசுபவரை நோக்கி அமர்ந்தால் பெரும் உதவியாகும்.

முதல் நாளிலிருந்தே நாள் முழுதும் அணியுமாறு கூறும் நிபுணர்களும் உண்டு. பொருத்தியவர் சொல்லும் முறையையே கைக்கொள்க. எம்முறையாயினும், விழித்திருக்கும் நேரமெல்லாம் அணிவதே முடிவில் நாம் எய்த வேண்டிய நிலை. விசேஷ நாட்களுக்கு மட்டும் எடுத்து அணிந்தால் மூளைக்குப் பழக்கம் ஏற்படாது.

பொறுக்க வேண்டியதும் பொறுக்கலாகாததும்

இரைச்சலைப் பொறுக்கலாம், வலியைப் பொறுக்கலாகாது. காதில் புண்ணோ எரிச்சலோ உண்டானால் கருவியைக் கழற்றிவிட்டுப் பொருத்தியவரிடம் செல்க. தம் குரல் குடத்துக்குள் பேசுவது போல ஒலித்தால், காதுக்குள் செல்லும் பகுதி மிக இறுக அடைத்திருக்கக்கூடும். அதை மாற்றித் தரலாம். விசில் போலக் கூவினால், அது சரியாக அமரவில்லை என்றோ, காதில் அழுக்குச் சேர்ந்துள்ளது என்றோ பொருள். எந்த ஒலி உறுத்தியது, எங்கே, எப்போது என்று ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிச் சென்றால் அவர் கருவியைத் திருத்தி அமைக்க எளிதாகும். இரண்டு மூன்று முறை திருத்துவது வழக்கமே. அதற்குக் கூச்சம் வேண்டுவதில்லை.

வெளியூர்த் தமிழருக்கென ஒன்று சொல்ல விரும்புகிறோம். பேச்சு விளங்குகிறதா என்று சோதிக்கும்போது இங்கே இயல்பாகத் தெலுங்குச் சொற்களைச் சொல்வார்கள். மொழி தெரியாமையைக் காதின் குறையாகக் கணக்கிட்டுவிடக் கூடாது. “என் தாய்மொழி தமிழ்” என்று முன்னரே சொல்லுங்கள். தமிழ் பேசும் மகளையோ மருமகனையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். நாள்தோறும் கேட்க வேண்டிய குரலைக் கொண்டே கருவியைச் சோதித்துப் பார்ப்பதில் நன்மையுண்டு.

பேணும் முறை

சிவப்புக் குறி வலக்காதுக்கு. நீலக் குறி இடக்காதுக்கு. மாற்றத்தக்க மின்கலங்கள் காற்றுப் பட்டால் இயங்குபவை. மேலே ஒட்டிய தாளை உரித்து, ஓரிரு நிமிடம் கழித்துக் கருவியில் இடுக. உரித்தபின் மீண்டும் ஒட்டினாலும் அதன் ஆயுள் நீளாது. அளவுக்கேற்ப நிறமும் உண்டு: 10 எண்ணுக்கு மஞ்சள், 312க்குப் பழுப்பு, 13க்கு ஆரஞ்சு, 675க்கு நீலம். குளிக்கும்போதும் உறங்கும்போதும் கருவியைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு டப்பியில் வைக்க வேண்டும். மின்கலத்தைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பது மிக அவசியம். ஒரு குழந்தை அதை விழுங்கிவிட்டால் சற்றும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வீட்டாருக்கு

கருவி அணிந்தவரிடம் கத்திப் பேசாதீர்கள். கத்தினால் சொல் சிதையும். உட்செவி பழுதுற்றோருக்கு உரத்த ஒலி வேதனையும் தரும். அடுக்களையிலிருந்து கூவாமல், முன்னே வந்து, முதலில் “அப்பா” என்றழைத்து, முகம் பார்த்தபின் விஷயத்தைச் சொல்லுங்கள். விளங்கவில்லையெனில் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களால் சொல்லுங்கள். “ஒன்றுமில்லை, விடுங்கள்” என்ற பதிலை மட்டும் சொல்லாதிருங்கள்.

உதவி கிடைக்குமிடம்

கோட்டியில் அரசு காது மூக்கு தொண்டை மருத்துவமனை உள்ளது. செகந்திராபாத் மனோவிகாஸ் நகரில் அலி யாவர் ஜங் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தின் மண்டல மையம் உள்ளது. 1983இல் பம்பாயில் தோன்றிய அந்நிறுவனம் யார் பெயரைத் தாங்கியுள்ளதோ அவர் நம் பகுதிக்கு அந்நியரல்லர். நம் தெருக்களை ஒட்டியுள்ள உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து, பின்னர் 1971 முதல் 1976 வரை மகாராஷ்டிர ஆளுநராக விளங்கியவர் அவர். வருவாய் குறைந்தோருக்குக் கருவி வழங்கும் மத்திய அரசுத் திட்டமும், 2017இல் தொடங்கிய முதியோர் உதவித் திட்டமும் உண்டு. மத்திய அரசு ஓய்வூதியர்கள் தம் சுகாதாரத் திட்டத்தின் வழியே, வரையறுத்த தொகை வரை கருவிச் செலவைப் பெறலாம். தகுதியையும் விதிகளையும் நேரில் விசாரித்து அறிக.

உலகில் 150 கோடிக்கு மேற்பட்டோருக்கு ஏதேனும் ஓர் அளவில் செவிக்குறை உண்டென்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் கூறியது. எனவே இதில் வெட்கத்துக்கு இடமில்லை. 2023இல் லான்செட் இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, 70 வயதைக் கடந்தோரை மூன்றாண்டுகள் கவனித்தது. அனைவரையும் சேர்த்துப் பார்க்கையில் கருவியால் அறிவாற்றலில் வேறுபாடு தோன்றவில்லை. ஆயினும் மறதிநோய்க்கு ஏதுக்கள் மிகுந்திருந்த பிரிவினரிடம் அறிவுத் தேய்வு ஏறத்தாழப் பாதியளவு குறைந்திருந்தது. இதைப் பெரிதாக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. காது கேட்டால் ஊரிலுள்ள தங்கையோடு பேசலாம், பேத்தி பள்ளியில் நடந்ததைச் சொல்லும்போது இடையில் ஒரு கேள்வி கேட்கலாம் என்பதே போதிய காரணமாகும்.

அன்பர்களே, உங்கள் இல்லத்து இழுப்பறையில் ஒரு கருவி உறங்குமாயின் அதை எடுத்துப் புதிய மின்கலம் இடுங்கள். அதைப் பொருத்தியவரிடம் மீண்டும் ஒருமுறை சென்று சரிபார்த்துக்கொண்டு, நாட்காட்டியில் 48 நாட்களைக் குறித்துத் தொடங்குங்கள். அணிந்து பழகியவர்கள் நம் மாதக் கூட்டத்துக்கு வரும்போது, இன்னும் தயங்கிக்கொண்டிருப்பவர் அருகே அமர்ந்து தம் அனுபவத்தைச் சொன்னால் அது பெரும் உபகாரமாகும்.